கலங்கல்

அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலை இரண்டு வகைப்படும். வரப்போவது இன்னதென்று தெரியும், எப்போது, எவ்வளவு என்பதுதான் தெரியாது என்பது முதல் வகை. இதற்குக் கணக்குப் போடலாம், காப்பீடு எடுக்கலாம், விலையில் நாலு காசு கூட்டி வைக்கலாம். வரப்போவது இன்னதென்றே தெரியாது என்பது இரண்டாவது வகை. இதற்குக் கணக்கே கிடையாது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஃபிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். தொழில் நடத்துபவருக்கு லாபம் என்று ஒன்று மிஞ்சுவதே கணக்குக்கு அடங்காத இந்த இரண்டாவது வகையைத் தோளில் ஏற்றுக்கொள்வதற்காகத்தான் என்பது அவர் வாதம். புத்தகத்தில் அது பொருந்துகிறது. பட்டறை வாசலில் வேறொரு கேள்வி நிற்கிறது: ஏற்றுக்கொண்ட சுமையை முதலாளி தாமே சுமக்கிறாரா, தமக்குக் கீழே இருப்பவர் தோளுக்கு மாற்றிவிட்டு நடக்கிறாரா?

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் நில அமைப்பு இந்தக் கேள்வியோடு நெருங்கிய சம்பந்தம் உடையது. ஆதனூர், மண்ணிவாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் என்று மேற்கே ஓர் ஏரி வரிசை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம், செம்பாக்கம் என்று கிழக்கே இன்னொன்று. மேற்கே உள்ளவற்றின் உபரி அடையாற்றுக்குப் போகிறது, கிழக்கே உள்ளவற்றின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிறது. ஒவ்வோர் ஏரிக்கும் உபரி வழிய ஒரு கலங்கல் உண்டு. அந்த மட்டம் வரை வரும் தண்ணீர் அந்த ஏரியின் பொறுப்பு. அதைத் தாண்டினால்தான் அடுத்த ஏரிக்கு. வெட்டியவர்கள் யாரும் மழையை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவர்கள் அல்லர். எவ்வளவு வரும் என்று தெரியாததால்தான் எவ்வளவைத் தாங்கள் பிடித்து வைப்பது என்று முடிவு செய்தார்கள். கலங்கல் என்ற அதே சொல்லுக்குத் தெளிவிழத்தல், மனம் குழம்புதல் என்ற பொருளும் தமிழில் இருப்பது வெறும் தற்செயலாகவே இருக்கலாம்.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு திறந்துவிடப்பட்ட 29,000 கன அடியிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த உபரி அடையாற்றோடு சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். அன்று மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றுப்போக்கில் அதற்கு மேலே உள்ளவை. அங்கே முதல் மாடிவரை தண்ணீரைக் கொண்டுவந்தது மேலேயுள்ள சிறிய ஏரிகளிலிருந்து வழிந்த நீர். ஏரிக்குள் தெருக்கள் வந்து, வரத்துக்கால்கள் சாக்கடைகளாகக் குறுகி, ஒவ்வொரு மட்டத்திலும் பிடித்து வைக்கும் அளவு குறைந்துபோனபின், மேலே பெய்தது முழுவதும் கடைசி வீட்டு வாசலுக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது.

தொழிலும் இப்படி ஒரு சங்கிலிதான். மேலே பெரிய கம்பெனி. அதற்குப் பாகம் கொடுக்கும் நிறுவனம் அதற்குக் கீழே. அந்த நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க் செய்துதரும் பட்டறை அதற்கும் கீழே. பட்டறைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள் என்று இறங்கிக்கொண்டே போகிறது. மேலே ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப்போனால் கீழே ஒருவருக்கு அந்த மாதம் சோறு இல்லை. வேளைக்கு வேளை பாகம் வந்திறங்கும், கையிருப்பே வைப்பதில்லை என்று பெரிய தொழிற்சாலைகள் பெருமையாகச் சொல்லும் முறையைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்த்தால், கையிருப்பு எங்கும் மறைந்துவிடவில்லை என்பது தெரியும். சப்ளையர் கொட்டகையிலும் வழியில் நிற்கும் வேனிலும், சப்ளையர் வாங்கிய வட்டியிலும் அது இருக்கிறது. மேல் ஏரி தன் கொள்ளளவைச் சுருக்கிக்கொண்டு கீழ் ஏரிக்குத் தண்ணீரைத் தள்ளிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

1878இல் தொடங்கப்பட்ட ‘தி இந்து’ நாளிதழின் சென்னைப் பதிப்பு 2015 டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அச்சகம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி மறைமலைநகரில் இருந்தது. செய்திக்குக் குறைவில்லை. அச்சகத் தொழிலாளர்களால்தான் அங்கே போய்ச் சேர முடியவில்லை. இயந்திரத்துக்கு மாற்று, மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், தாளுக்குக் கிடங்கு என்று யோசித்து வைப்பவர்கள் கூட, வேலைக்காரர் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் நடுவில் உள்ள சாலையைத் தொழிலின் ஓர் உறுப்பாக நினைப்பது குறைவு. ஜிஎஸ்டி சாலையை நம்பியிருக்கும் எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

சிறு பட்டறைகளின் அனுபவம் வேறு மாதிரி. பல்லாவரத்துக்கு மேற்கே, திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் இத்தகைய பட்டறைகளில் நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் இருக்கும். முதலில் சேற்றை வாருவார்கள். பிறகு மோட்டார்களைக் கழற்றி, கவரைத் திறந்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பார்கள். கழுவியதைக் காயவைக்க பல்பு எரிப்பார்கள், ஹீட்டர் வைப்பார்கள். மெகர் வைத்துப் பார்த்து, இன்சுலேஷன் தேறாத மோட்டாரை வைண்டிங் கடைக்கு அனுப்புவார்கள். ஊரெங்கும் எல்லா மோட்டாரும் ஒரே நாளில் நனைந்திருப்பதால் வைண்டிங் கடையில் வரிசை நிற்கும். சிஎன்சி இயந்திரத்தின் கன்ட்ரோல் போர்டு காய வைத்தால் தேறும் சாமான் அல்ல. அதற்கு ஆள் வந்து பார்த்து, போர்டு வந்து இறங்க வேண்டும். அதுவரை கடன் தவணை மட்டும் ஓடும்.

காப்பீடு இருந்திருக்குமே என்று கேட்கலாம். தீவிபத்துக் காப்பீட்டோடு புயல், வெள்ளச் சேதத்துக்கான பகுதியும் சேர்ந்தே வரும். பிரீமியத்தில் சிறிது மிச்சம் பிடிக்க அந்தப் பகுதியை வேண்டாம் என்று விட்டுவிடும் வழக்கமும் இருந்தது. அதை விடாமல் வைத்திருந்தவர்களிலும் பலர் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள். பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்தவருக்குச் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும். இதற்கெல்லாம் மேலே, பட்டறை மூடிக்கிடந்த நாட்களின் வருமான இழப்புக்குத் தனிப் பாலிசி வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே சிறு தொழிலில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆக, முதல் வகைத் தெரியாமைக்கே இந்தப் பாடு.

பணத்தின் பக்கம் இன்னும் நெருக்கடியானது. பட்டறை அலுவலகச் சுவரில் தொங்கும் தேதிக் காலண்டரில் மூன்று எண்கள் எல்லா மாதமும் வட்டமிடப்பட்டிருக்கும்: 7, 15, 20. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்றது பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம். 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி ஜிஎஸ்டி வரி. நடுவில் கரன்ட் பில், வாடகை, வங்கித் தவணை. வர வேண்டிய பணத்துக்கு மட்டும் இப்படி வட்டம் போட முடியாது. சிறு தொழிலிடம் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதி 2023–24 நிதியாண்டிலிருந்து வந்தபின் கொஞ்சம் அசைவு உண்டு. இருந்தும் பெரிய கஸ்டமர் மீது வழக்குப் போட்டுவிட்டு அவரிடமே அடுத்த ஆர்டர் கேட்டு நிற்பது எப்படி?

2015 வெள்ளம் மாதத்தின் முதல் தேதியில் வந்தது. 7ஆம் தேதிக்கு ஆறு நாள். தொழிலாளி வீட்டில் பாயும் பாத்திரமும் போயிருந்தன. பட்டறையில் இயந்திரம் நின்றிருந்தது. கையில் இருக்கும் பணம் மோட்டாருக்கா சம்பளத்துக்கா என்ற இடத்தில்தான் தலைமை என்பது சோதனைக்கு வருகிறது. மோட்டாரைச் சரிசெய்தால்தானே சம்பளம் வரும் என்ற வாதம் அறிவுக்குச் சரியாகவே படும். ஆனால் அந்த 7ஆம் தேதி பாதிச் சம்பளமாவது போட்ட இடத்துக்குத்தான் சேறு வார ஆள் வரும். வராத ஆளுக்குச் சரிசெய்த மோட்டாரால் என்ன பயன்? கலங்கலின் மட்டம் எங்கே என்று ஒரு பட்டறைக்காரர் தமக்குள்ளேயே முடிவு செய்து வைத்திருந்தாரா என்பது இப்படிப்பட்ட ஒரு வாரத்தில் வெளியே தெரிந்துவிடும்.

அதன்பின் வந்த ஆண்டுகள் மூச்சுவிட இடம் தரவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. சனிக்கிழமைக் கூலியை ரொக்கமாகக் கொடுத்துவந்த கட்டட மேஸ்திரிகளும் சிறு பட்டறைகளும் அதில் அப்படியே நின்றனர். அடுத்த மாதம் 12ஆம் தேதி வர்தா புயல். மரங்கள் விழுந்து மின்சாரம் இல்லாத நாட்கள். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவிலிருந்து ஊரடங்கு.

ஊரடங்கு, ஃபிராங்க் நைட் சொன்ன இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சம்பளத்தைப் பிடிக்காமல் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. மே 18 முதல் அது இல்லாமல் போனது. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 12 அன்று சொன்னது. மூன்று மாதத்துக்குள் சட்டமே மூன்று நிலை மாறியபோது, எதை நம்பித் திட்டம் போடுவது? 1984இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்துக்கு அலை அலையாகப் பெண் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கிய மின்சார ரயில் மாதக்கணக்கில் நின்றது. திரும்பத் திறந்தபோது வேன் வைக்க முடிந்தவர்கள் ஆட்களை மீட்டார்கள். நாகல்கேணி, பம்மல் பக்கத்து ஒற்றை அறைகளில் இருந்த ஒடிசா, பிகார் இளைஞர்கள் ஊர் திரும்ப, பல பட்டறைகள் ஆள் இல்லாமல் நிற்பதைவிட அந்த அறை வாடகையைக் கட்டியிருந்தால் மலிவாகப் போயிருக்கும் என்று பிறகுதான் கணக்குப் பார்த்தன.

இத்தகைய காலங்களில் மேலாண்மைப் புத்தகங்கள் தலைவரிடம் தொலைநோக்கை எதிர்பார்க்கின்றன. பட்டறைத் தளத்தில் கேட்கப்படுவது வேறு. காலை ஷிஃப்டுக்கு முன் டீ கிளாஸோடு நிற்கும் சூப்பர்வைசரிடம் ஒரு பையன் கேட்பான்: “அண்ணே, அடுத்த மாசம் வேலை இருக்குமாண்ணே?” “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போய் வேலையைப் பாரு” என்பது வழக்கமான பதில். அதை யாரும் நம்புவதில்லை. சொல்பவருக்கும் நம்பிக்கை இல்லை. அன்று மத்தியானமே கேன்டீனில் வேறொரு கதை பிறந்துவிடும். “இந்த மாசம் இருக்கு. அடுத்த மாச ஆர்டர் இருபதாம் தேதி வாக்குலதான் தெரியும். தெரிஞ்ச அன்னிக்கே சொல்றேன். இல்லைன்னாலும் சொல்றேன்” என்பது இன்னொரு பதில். இதில் நம்பிக்கையூட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு தேதி இருக்கிறது. இருபதாம் தேதி வந்து, அந்த சூப்பர்வைசர் சொன்னபடி வாயைத் திறந்தால், அடுத்த தடவை அவர் சொல்வதற்கு மதிப்பு உண்டு. முதலாளி அவரிடமே எதையும் சொல்லவில்லை என்றால் அவரால் இதைச் சொல்ல முடியாது. நிறுவனங்களில் இடை மட்டம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: மேலேயிருந்து செய்தி வராது, கீழேயிருந்து கேள்வி நிற்காது.

முடிவு என்ன என்று சொல்ல முடியாத நிலையிலும் ஓர் அமைப்பை நடத்துவதற்கு இதே வட்டாரத்தில் பழைய உதாரணம் இருக்கிறது. அது தொழில் நிறுவனம் அல்ல. ரயில் நிலையத்தின் பெயரிலேயே நிலைத்துவிட்ட தாம்பரம் காசநோய் சானடோரியம் 1928இல் திறக்கப்பட்டது. நிறுவிய டாக்டர் டேவிட் சௌரி முத்து அதற்கு முன் இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர். காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் வந்தது. நல்ல காற்று, ஓய்வு, வேளைக்குச் சாப்பாடு என்ற ஒழுங்கு ஒன்றைத்தான் அங்கே உறுதியாகத் தர முடிந்தது. 1993 முதல் அதே மருத்துவமனை எச்ஐவி நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று. நடுவில் பதினொரு ஆண்டுகள். குணமாக்குவோம் என்ற வாக்குறுதி இல்லாமல், தொடவே அஞ்சிய ஒரு நோயைச் சுற்றி ஊழியர்களை வேலையில் நிறுத்தி வைத்த ஆண்டுகள் அவை. கட்டில், கஞ்சி, ரவுண்ட்ஸ் வரும் நேரம் ஆகியவை மாறாமல் இருந்ததுதான் அங்கே பிடிமானம்.

சுமையைக் கீழே தள்ளாமல் பக்கவாட்டில் பகிர்வதும் உண்டு. குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பல்லாவரம், நாகல்கேணித் தோல் பதனிடும் கூடங்களுக்கு 1990களில் கழிவுநீர் பற்றிய கட்டுப்பாடு இறுகியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர்த் தோல் தொழில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஒரு சின்னக் கூடம் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது நடக்காத காரியம். ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான நூற்றுக்கும் மேற்பட்ட கூடங்கள் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்து, நாகல்கேணியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துகின்றன. அந்தப் பகுதி நிலத்தடி நீருக்கு அதற்கு முன்பே நேர்ந்த கேட்டை அது சரிசெய்துவிடவில்லை. தொழில் பிழைத்தது என்பது மட்டும் உண்மை.

தேதி ஓரளவு தெரிந்தே வரும் மாற்றமும் உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் கட்டுமானம் 2019இல் தொடங்கியது. திறந்தது 2023 டிசம்பர் 30. அடுத்த மாதமே ஆம்னி பேருந்துகளும் கோயம்பேட்டை விட்டு அங்கே போக வேண்டும் என்றானது. தீபாவளி, பொங்கல் இரவுகளில் பெருங்களத்தூர் சாலையோரம் மூட்டை முடிச்சுகளோடு காத்து நின்ற கூட்டத்தை நம்பி இட்லிக் கடை, பழக்கடை, டிக்கெட் போடும் சின்ன ஆபீஸ் என்று ஒரு வியாபாரமே இருந்தது. நாலு வருஷமாகக் கட்டடம் கண்ணெதிரே எழும்பினாலும், கடைசி மாதம் வரை அட்வான்ஸ் கொடுத்து இடம் பிடிக்கத் துணிந்தவர்கள் சிலரே. அரசு சொன்ன தேதி இதற்கு முன் தள்ளிப்போனது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தேதியே தெரியாமல் வருவது தூரத்துத் தலைமையகத்தின் முடிவு. ஜிஎஸ்டி சாலைக்கு அது புதிதல்ல. ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1980களின் இறுதியில் வண்டலூர்ப் பக்கத்தில் நின்றுபோனது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 1990களின் இறுதியிலிருந்து ஓடியது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. முந்தைய பத்தாண்டுகளில் நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல் என்றும், நாடு முழுவதும் சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றும் நிறுவனமே சொன்னது. இழப்பீட்டுப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. 2022 மே இறுதியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்தார்கள். ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது.

நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, பேச ஒரு மேசை இருந்தது, கடைசியில் ஒரு தொகையும் கிடைத்தது. சப்ளையரின் சப்ளையருக்கு அப்படி ஒரு மேசை எங்கும் இல்லை. ஒரே கஸ்டமருக்கு ஏற்றபடி டை செய்து, அந்த அளவுக்குப் பிரஸ் வாங்கி, அந்த ஆர்டரைக் காட்டி வங்கியில் லிமிட் வாங்கியவருக்கு, ஆர்டர் நின்ற மறுமாதம் கையில் மிஞ்சுவது இரும்புக் கனம்தான். ஒரே கஸ்டமரை நம்பியதைப் பேராசை என்பது எளிது. மாசம் மாசம் சொன்ன தேதிக்குச் செக் கொடுக்கும் கஸ்டமர் ஒருவர் இருக்கும்போது, அறுபது நாளுக்கு இழுத்தடிக்கும் நாலு பேரைத் தேடிப் போக எந்தப் பட்டறைக்காரருக்குத்தான் மனசு வரும்? அப்படியும் சிலர் நல்ல காலத்திலேயே பம்பு, ரயில்வே, விவசாயக் கருவி என்று கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார்கள். லாபம் குறைந்த அந்த வேலைகள்தான் 2022இல் அவர்களுடைய கொள்ளளவாக இருந்தன.

2024 செப்டம்பரில் ஃபோர்டு திரும்பி வர விரும்புவதாகத் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் இறுதியில் விவரம் வந்தது: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள், உற்பத்தி 2029இல். முன்பு அங்கே செய்தது முழுக் கார். இனி செய்யப்போவது என்ஜின். கதவுத் தகடும் சீட் ஃபிரேமும் அடித்த பட்டறைக்கு இதில் வேலை இல்லை. கடைசல், கிரைண்டிங், காஸ்டிங் வேலைக்காரர்களுக்கு இடம் இருக்கலாம்; அதற்கும் அளவு நுணுக்கம் வேறு, இயந்திரம் வேறு. அந்த இயந்திரத்துக்கு இன்று கடன் வாங்கினால் தவணை அடுத்த மாதம் முதல் ஓடும், முதல் ஆர்டருக்கு 2029ஐ ஒட்டித்தான் வாய்ப்பு. நடுவில் உள்ள மாதங்களின் 7, 15, 20ஆம் தேதிகளுக்குப் பம்பு வேலையும் ரயில்வே வேலையும் போதுமா என்று கணக்குப் பார்த்தபின்தான் கொட்டேஷன் கேட்கப் போக வேண்டியிருக்கிறது.